முகத்துக்குப் பிரேம்

நான் ஆசியக்காரி இல்லை என்பது எனக்கு ஆஸ்திரேலியா வந்த பிறகுதான் தெரிந்தது. உடப்பில் எங்கள் பள்ளிக்கூடச் சுவரில் தொங்கிய வரைபடத்தில் இலங்கை ஆசியாவுக்குக் கீழேதான் இருந்தது. அதை அங்கே யாரும் மறுத்ததில்லை. மெல்பேர்னில் நான் வேலைக்குப் போகும் பஸ், கண்ணாடியில் 'ஏசியன் ஹெயார்' என்று எழுதிய ஒரு சலூனுக்கு முன்னால் நிற்கும். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் படங்களில் கொரிய முகங்கள், சீன முகங்கள், வியட்நாம் முகங்கள். ஒவ்வொரு முகத்தின் இரண்டு பக்கத்திலும் முடி படிப்படியாக இறங்கி விழுந்திருக்கும். இந்த நாட்டில் ஏசியன் என்றால் அவர்கள்தான். எங்களுக்கு வேறு பெயர்கள் வைத்திருக்கிறார்கள். சந்தையில் நாங்கள் இந்தியர், அரசாங்கக் காகிதத்தில் படகில் வந்தவர். காலையில் பஸ்ஸுக்குள் இருந்து அந்தப் படங்களைப் பார்த்து, இந்தப் பெண்களுக்கு யார் செத்துப்போனார்கள் என்று மனதுக்குள் கேட்டுக்கொள்வேன். இது பகிடி இல்லை. ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு விளங்கும், மற்றவர்களுக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊரில் ஒரு பெண் முடியை அவிழ்த்து முகத்தில் விழவிடுவது இரண்டு நேரத்தில்தான். ஒன்று, ஆடித் திருவிழாவில் அம்மன் அவள்மேல் வந்து ஆடும்போது. மற்றது, வீட்டில் சாவு விழுந்தபோது. மற்ற நாளெல்லாம் எண்ணெய் வைத்து, வகிடு எடுத்து, இறுக்கிப் பின்னி, ஒரு மயிரிழைகூட நெற்றியில் விழாமல் வைத்திருக்க வேண்டும். என் தங்கை சாந்தினிக்கு இந்தச் சட்டத்தின்மேல் தீராத கோபம். அவள் சிலாபத்துக்குப் போய் பியூட்டி கல்ச்சர் படித்துவிட்டு வந்து, ஊரில் கல்யாணப் பெண்களை அலங்காரம் செய்துகொண்டிருந்தவள். கொண்டை போடுவாள், சவுரி முடி வைத்துப் பின்னி நீளம் காட்டுவாள், பூ வைப்பாள். எல்லாம் முடியைக் கூட்டுகிற வேலை. அவளுக்கு ஆசை குறைக்கிற வேலையில்தான். அலுமாரிக்குள் துணியில் சுற்றி ஒரு நல்ல கத்தரிக்கோல் வைத்திருந்தாள். போன் முழுக்க கொரிய நாடகப் பெண்களின் படங்கள். "நம்மட முடி பாரம் அக்கா. ஒரே நீளத்துல விட்டா முகத்தையும் சேத்துக் கீழ இழுக்கும். முன்னுக்கு லேயர் வெட்டினா முகம் எழும்பும்" என்பாள். ஆனால் ஊரில் ஒருத்தியும் அவளுக்குத் தலை கொடுக்கவில்லை. கடைசியில் என்னைத் துரத்துவாள்.

"ஒரு தலை தா அக்கா. ஒரே ஒரு தலை."

"போடி. செத்த வீட்டுக்காரி மாதிரி என்னால திரிய ஏலாது" என்று பின்னலைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவேன். பிறகு நான் கல்யாணம் முடித்து, கணவரோடு ஒரு படகில் ஏறி, இந்த நாட்டுக் கரைக்கு வந்து சேர்ந்தேன். பின்னலும் கூடவே வந்தது.

சாந்தினிக்கு இரத்தத்தில் வருத்தம் என்று கொழும்பில் சொன்னார்கள். மருந்து ஏற்றத் தொடங்கியதும் முடி தலையணையில் கிடக்கத் தொடங்கியது. மிச்சம் இருந்ததைத் தானே தன் கத்தரிக்கோலால் வெட்டியதாகச் சொன்னாள். அந்தக் கத்தரிக்கோல் ஒரு தலையில் முழுசாக ஓடியது அன்றைக்குத்தான். நான் எங்கள் அகதி வழக்கைப் பார்க்கும் வக்கீலிடம் போய், ஊருக்குப் போய் வரலாமா என்று கேட்டேன். "நீங்கள் போகலாம்" என்றார் அவர். நல்ல மனிதர், முகத்தில் கவலை தெரிந்தது. "ஆனால் திரும்பி வர முடியாது." கணவர் இங்கே. மகள் இங்கே பிறந்தவள், இங்குள்ள பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். கடலால் வந்தவர்களுக்கு ஆகாயத்தால் போக மட்டும் பாதை விட்டிருக்கிறார்கள். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் வீட்டுக்கு வந்து பாத்திரங்களைக் கழுவினேன். கழுவியிருந்தவற்றையும் திரும்பக் கழுவினேன்.

சாந்தினியிடம் சொன்னபோது அவள் அழவில்லை. தலையில் கட்டியிருந்த துணியைச் சரிசெய்துகொண்டு, போனுக்குக் கிட்டே வந்தாள்.

"வர ஏலாதெண்டா பரவாயில்ல அக்கா. இப்பசரி தலையைத் தா."

அவளுக்கு வேண்டியது இவ்வளவுதான். நான் அந்த ஏசியன் சலூனுக்குப் போய், அவள் காட்டிய படத்தில் உள்ளதுபோல முகத்தைச் சுற்றி லேயர் வெட்ட வேண்டும். வெட்டும்போது அவள் வட்ஸ்அப்பில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கத்தரிக்கோல் வேறு யாருடையதாக இருந்தாலும் வேலை தன்னுடையதாக இருக்கும் என்று அவள் கணக்குப் போட்டிருக்கிறாள். அவள் உயிரோடு இருந்து பார்க்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும் என்ற பயம் எனக்கு. அடுத்த சனிக்கிழமை மத்தியானம், ஊரில் காலை நேரம், நான் அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

சலூன்காரி வியட்நாம் பெண், பெயர் லான். என்னை ஏற இறங்கப் பார்த்து, "யூ இந்தியன்? ஹியர் ஏசியன் ஹெயார்" என்றார். பிழையான கடைக்கு வந்துவிட்டேன் என்று நினைத்திருப்பார். "ஐ ஆம் ஏசியன்" என்றேன். அவர் சிரித்துவிட்டுக் கதிரையைக் காட்டினார். பின்னலை அவிழ்த்துக் கையில் எடுத்தவர், விரல்களை மூக்கருகில் கொண்டுபோய் "ஒயில்!" என்று ஒரு சத்தம் போட்டார். தலையைக் கழுவி, போதாதென்று திரும்பவும் கழுவினார். நான் போனைக் கண்ணாடியில் சாய்த்து வைத்தேன். சாந்தினி அதற்குள் இருந்தாள். முகத்தில் கன்னமே இல்லை. தலையை மூடி, கழுத்துவரை துணி. லான் அதைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி மரியாதையாக, "யுவர் சிஸ்டர் முஸ்லிம்?" என்று கேட்டார். இல்லை என்றால் துணிக்குக் காரணம் சொல்ல வேண்டும். யெஸ் என்றேன். கல்பிட்டிப் பக்கத்து முஸ்லிம் உம்மாமார் என்னை மன்னிக்க வேண்டும்.

ஈர முடியைச் சீவி, பாதியாகப் பிரித்து, முன்பக்கத்தில் ஒரு பிடியை எடுத்து வைத்துக்கொண்டு லான் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் பயந்திருப்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"டோன்ட் வொரி. ஐ ஃபிரேம் யுவர் ஃபேஸ்."

எங்கள் ஊரில் ஒரு முகத்துக்குப் பிரேம் போடுவது ஆள் போன பிறகுதான். உயிரோடு இருக்கிறவரின் படம் அல்பத்துக்குள் இருக்கும், போனுக்குள் இருக்கும். செத்தால் கண்ணாடி, பிரேம், மாலை, கீழே ஒரு சின்னச் சிவப்பு பல்ப். எங்கள் ஆட்களிடம் "உனக்குப் பிரேம் போடுறன்" என்று சொல்லிப் பாருங்கள், சண்டைக்கு வந்துவிடுவார்கள்.

"என்னவாம் அக்கா?" என்றாள் சாந்தினி. வேறு சொல் தேடியிருக்கலாம். எனக்கு அந்த நேரத்தில் வேறு சொல் வரவில்லை.

"முகத்துக்குப் பிரேம் போடப் போறாவாம்."

போனில் சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டது என்று நினைத்துக் குனிந்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். அழுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அந்தச் சிரிப்பு வெளியே வந்தது, பின்னாலேயே இருமல் வந்தது.

"எனக்குப் போடுறதுக்கு முதல் உனக்குப் போடுறாவா? வரிசையில முன்னுக்கு நிக்கிறது நான் அக்கா. நீ இடையில பூந்திடாத."

லானும் எங்களைப் பார்த்துச் சிரித்தார். ஏன் சிரிக்கிறாள் என்று கேட்டார். "ஷீ இஸ் ஹெப்பி" என்றேன். "குட், குட்" என்றார்.

பிறகு சாந்தினி வேலைக்காரியாக மாறினாள். லான் கன்னத்து எலும்பில் இருந்து வெட்டத் தொடங்கப் போனார். அவர்களுடைய முடி நேரானது, வெட்டிய இடத்திலேயே நிற்கும். "வேணாமெண்டு சொல்லு. நம்மட முடி காஞ்சா சுருண்டு மேல ஏறும். நாடிக்குக் கீழ தொடங்கினாத்தான் காஞ்ச பிறகு கன்னத்துக்கு வரும்." நான் எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் கையால் காட்டிச் சொன்னேன். லான் முடியை விரலில் சுற்றிப் பார்த்து, தலையாட்டிவிட்டு, கையைக் கீழே இறக்கினார். கத்தரிக்கோலை நிமிர்த்திப் பிடித்து, நுனியால் சின்னச் சின்னதாகக் கொத்தி எடுத்தார். முன்பக்கம் நாடியளவில் தொடங்கி, பக்கவாட்டில் தோள், பின்னால் முதுகு என்று நீளம் இறங்கிக்கொண்டு போனது. கனம் இறங்குவது கழுத்தில் தெரிந்தது. "இந்தப் பக்கம் சரி. மற்றப் பக்கம் காட்டு. குனியாத. ஆ, அந்த இடத்துல இன்னும் கொஞ்சம்." காய்ந்த பிறகு அவள் சொன்னது போலவே எல்லாம் ஏறி, கன்னத்தைத் தொட்டு நின்றது.

"அழகா இருக்கு அக்கா. என்ட வேலை மாதிரியே இருக்கு" என்றாள். நிறைய நேரம் பார்த்தாள். பிறகு, வெளியே வெளிச்சத்தில் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். "நேர பாரு. சிரிக்காத. சிரிச்சா முடி அசையும்." அப்படியே எடுத்து அனுப்பினேன். எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை.

அவள் போன செய்தி வந்தபோது நான் சமைத்துக்கொண்டிருந்தேன். செத்த வீட்டையும் போனில்தான் பார்த்தேன். யாரோ போனை உயரத்தில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அம்மாவின் முடி அவிழ்ந்து கிடந்தது. பெரியம்மாமார், பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாருடைய முடியும் அவிழ்ந்து முகத்தில் விழுந்து கிடந்தது. நான் என் கையைத் தலைக்குக் கொண்டுபோனேன். அவிழ்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. என் முடி ஏற்கெனவே முகத்தில்தான் கிடந்தது.

அடுத்த நாள் வேலைக்குப் போனேன். தங்கையின் சாவுக்கு லீவு உண்டா இல்லையா என்று கேட்டு, காரணம் சொல்லி, அதற்கு ஒரு முகத்தை வைத்துக்கொண்டு நிற்க என்னிடம் தெம்பு இல்லை. நான் வேலை செய்வது மரக்கறி வெட்டிப் பொதி செய்யும் தொழிற்சாலையில். உள்ளே போகுமுன் எல்லாரும் தலைக்கு வலை போட வேண்டும். எங்கள் ஊரில் வலை மீனுக்கு, இங்கே தலைக்கு. முன்பக்கத்துக் குட்டை முடி வலைக்குள் நிற்கவே இல்லை. உள்ளே தள்ளத் தள்ள வெளியே வந்து கன்னத்தில் விழுந்தது. சுப்பர்வைசர் பெண் கிட்டே வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். கண்ணை அகல விரித்து, "ஓ, லவ் யுவர் ஹெயார்! சோ ப்ரிட்டி!" என்றார். ஊரில் அந்தக் கோலத்தில் என்னைப் பார்க்கிற எவரும், யார் என்ன என்று கேட்காமலே பக்கத்தில் வந்து உட்கார்ந்து என்னோடு சேர்ந்து அழுதிருப்பார்கள். "தேங்க் யூ" என்று சொல்லிவிட்டு கரட் வெட்டப் போனேன்.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த அன்று அம்மா வட்ஸ்அப்பில் கூப்பிட்டார். பின்னால் வீடு நிறைய ஆட்கள். படம் வந்துவிட்டது, பார் என்று சொல்லி, போனைச் சுவரைப் பார்க்கத் திருப்பினார். பிரேம், மாலை, சிவப்பு பல்ப். உள்ளே சாந்தினியின் முகம், வருத்தம் வருவதற்கு முந்திய முகம், கன்னம் நிறைந்த முகம். அதைச் சுற்றி, நாடியில் தொடங்கி இறங்கி, கன்னத்தைத் தொட்டுக்கொண்டு, என் முடி.

அவளே ஸ்டூடியோக்காரருக்குத் தன் பழைய படத்தையும் நான் அனுப்பிய படத்தையும் அனுப்பியிருக்கிறாள். அவள் அலங்காரம் செய்த பெண்களுக்கெல்லாம் அல்பம் செய்தவர் அவர். இந்த முகத்துக்கு இந்த முடியைப் போட்டுத் தாருங்கள் என்றாளாம். அவர் ஏதோ விளம்பரத்துக்கு என்று நினைத்து, மினக்கெட்டுச் செய்து கொடுத்திருக்கிறார். எதற்கென்று அவள் அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். "நான் பின்னல் போட்ட படத்தத்தான் வைப்பம் எண்டன். அவ கேக்கல்ல. அக்காட முடியோடதான் எனக்குப் பிரேம் போடணும் எண்டு சொல்லிட்டுத்தான் போனா" என்றார் அம்மா. ஒரு தலை தா என்று கேட்டவள், அதை எடுத்துக்கொண்டே போய்விட்டாள்.

போன் இன்னும் சுவரைப் பார்த்தபடி இருந்தது. கிரியைக்கு வந்த ஒரு பெண், மாம்புரியில் கல்யாணம் முடித்துப் போய் நெடுநாளைக்குப் பிறகு வந்தவராம், படத்துக்கு முன்னால் வந்து நின்றார். எங்கள் இரண்டு பேரையும் சின்ன வயதில் கண்டவர்.

"இது மூத்தவவா, சின்னவவா?"

"முகம் சின்னவட. முடி மூத்தவட" என்றார் அம்மா.

"ஐயோ, மூத்தவவும் போயிட்டாவா?"

நான் போனுக்குள் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நான் இங்கே வந்த பிறகு பிறந்த பிள்ளைகள் அந்தக் கூடத்தில் ஓடித் திரிகிற சத்தம் கேட்டது. அவர்கள் என்னைக் கண்டதில்லை. இனி அந்தச் சுவரில் என் முடியை மட்டும் காண்பார்கள்.

"இல்ல" என்றார் அம்மா, கடைசியில். "அவ வெளியில இருக்கிறா."

நான் "அம்மா" என்று கூப்பிட்டேன். அங்கே இருந்த சத்தத்தில் அது ஒருவருக்கும் கேட்கவில்லை.