க்ளைமாக்ஸில் மோர் வரவில்லை

போன மாதம் இந்தப் பக்கத்தில், எனக்குப் பிடித்த பத்துப் படங்களைப் பற்றி எழுதியிருந்தேன். உங்களுக்கு நினைவில்லாவிட்டால் பாதகமில்லை. எழுதியவனுக்கே சரியாக நினைவில்லை என்பதுதான் இப்போது பிரச்னை.

அரக்கோணத்திலிருந்து ஒரு வாசகர் கடிதம். பத்தில் முதல் இடம் பிடித்த படத்தின் க்ளைமாக்ஸை நான் கால் பக்கத்துக்குச் சிலாகித்திருந்தேன். நிலத்தைப் பறித்துக்கொண்ட மில் முதலாளியை ஹீரோ கோர்ட்டில் ஜெயிக்கிறான். வெளியே வந்தால் படிக்கட்டில் முதலாளி தனியாக, வியர்த்து வழிய உட்கார்ந்திருக்கிறார். ஹீரோ பக்கத்தில் போய் உட்கார்ந்து ஒரு டம்ளர் மோரை நீட்டுகிறான். படம் முடிகிறது. 'பழிவாங்கும் கதையை இவ்வளவு குளிர்ச்சியாக யாரும் முடித்ததில்லை' என்று வேறு எழுதி வைத்திருந்தேன்.

வாசகர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: 'ஐயா, அந்தப் படத்தில் மோரே கிடையாது.' கீழே யூடியூப் லிங்க். எத்தனையாவது நிமிடத்திலிருந்து பார்க்க வேண்டும் என்கிற குறிப்பு உட்பட.

பார்த்தேன். குடோன் எரிகிறது. முதலாளி எரிகிறார். எரிகிற குடோனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஹீரோ ஸ்லோமோஷனில் நடந்து வருகிறான். வணக்கம்.

பதறிப்போய் மற்ற ஒன்பதையும் தேடி எடுத்து, கடைசிப் பகுதிக்குத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். ஒன்றுகூட நான் எழுதியபடி முடியவில்லை. அப்புறம்தான் உறைத்தது... அந்தப் பத்துப் படங்களின் கடைசி அரை மணி நேரத்தை நான் பார்த்ததே இல்லை.

விளக்குகிறேன். எழுத்தாளன் ஆவதற்கு முன்னால் நான் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் வேலை பார்த்தேன். மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கும் செகண்ட் ஷிப்டை எல்லோரும் வெறுப்பார்கள். நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். உழைப்பின் மீது அவ்வளவு பற்றா? இல்லை. பொன்னேரி தியேட்டரில் பதினொரு மணிக் காட்சி.

ஒரே சிக்கல், படம் முடிய ஒன்றே முக்கால் ஆகிவிடும். ஷிப்டைப் பிடிக்க ஒன்றே காலுக்கு எழுந்து ரயிலுக்கு ஓட வேண்டும். ஹீரோவின் தங்கையைக் கடத்திக்கொண்டு போகிற கட்டத்தில் நான் மற்றவர்களின் காலை மிதித்துக்கொண்டு வெளியேறுவேன். அப்படி ஓடியும் போய்ச் சேர இரண்டே கால் ஆகிவிடும்.

இரும்பை உருக்குகிற ஃபர்னஸில் ஒரு விதி உண்டு. அடுத்த ஷிப்ட் ஆள் வந்து நிற்காமல் முந்தைய ஆள் நகரக் கூடாது. எனக்கு முந்தைய ஆள் தேவராஜ் அண்ணன். காலை ஆறு மணியிலிருந்து அந்த அனலில் நின்றவர், எனக்காக இன்னும் கால் மணி நேரம் நிற்பார். இன்சார்ஜ் கேட்டால், "பாத்ரூம் போயிக்கீறான் சார்" என்பார். என் வயிற்றைப் பற்றி அந்த ஆலையில் கவலைப்படாதவர்களே இல்லை.

இதற்கு அவர் கேட்ட ஒரே கைம்மாறு கதை. ஃபர்னஸ் ஆட்களுக்குக் கம்பெனி மோர் கொடுக்கும். அந்த டம்ளரோடு எதிரே உட்கார்ந்து, "இப்ப சொல்லு" என்பார். சொல்வேன். ஒன்றே கால் வரைக்கும் கதை கடகடவென்று போகும். அப்புறம், "அப்பால இன்னா ஆச்சி?" என்பார்.

இன்னா ஆச்சி என்று எனக்கு எப்படித் தெரியும்? எனக்காகக் கால் கடுக்க நின்றவரிடம், 'பாதியில் வந்துவிட்டேன்' என்று சொல்ல வாய் வரவில்லை. கண்ணெதிரே அவர் கையில் மோர் இருந்தது. அதை எடுத்து ஹீரோ கையில் கொடுத்துவிட்டேன்.

ஆண்டுக்கணக்கில் இப்படிச் சொல்லிச் சொல்லி, நானே நம்பத் தொடங்கியிருக்கிறேன். பின்னாளில் டி.வி.யில் அந்தப் படங்களைப் போட்டபோதெல்லாம் க்ளைமாக்ஸ் வருவதற்குள், 'இதுதான் எனக்கு மனப்பாடமாச்சே' என்று எழுந்து போயிருக்கிறேன். சினிமா ரசிகன் என்று போர்டு மாட்டிக்கொண்டு திரிந்த லட்சணம் இது.

அந்தக் கடிதத்தை அடுத்த இதழில் போடப்போவதாக ஆசிரியர் சொன்னார். போடட்டும், நான் அசடு வழிவது உங்களுக்குப் புதிதா என்ன? ஆனால் இந்த இதழை விடாமல் வாங்குகிற ஒருவர் அத்திப்பட்டில் இருக்கிறார். இத்தனை வருடம் அனலில் நின்றதற்குப் பதிலாக இவன் கொடுத்தது போலிச் சரக்கு என்று அவர் அச்சில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. அப்புறம் அவர் முகத்தில் நான் எப்படி விழிப்பது?

மறுநாள் காலை, நான் குடியிருக்கிற செவ்வாப்பேட்டையில் ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜில் மாறி, ஒன்பது மணிக்கெல்லாம் அத்திப்பட்டில் தேவராஜ் அண்ணன் வீட்டு வாசலில் நின்றேன்.

"இன்னா நைனா, காலங்காத்தால?"

"ஒரு விஷயம் சொல்லணும்ணா."

"மூஞ்சப் பாத்தா கெட்ட சேதியாட்டம் இருக்கு. மொதல்ல நாஷ்டா துன்னு. வெறும் வயித்துல கேக்கக் கூடாது."

"கேக்கப்போறது நீங்கதானண்ணா?"

"அப்ப ரெண்டு பேருமே துன்னலாம்."

மேரி அண்ணி இட்லி வைத்தார். இரண்டாவது இட்லிக்கு மேல் தாங்கவில்லை. "அண்ணா, நான் உங்களுக்குச் சொன்ன க்ளைமாக்ஸ் பூரா பொய்" என்றேன்.

"எந்தப் படத்துது?"

"எல்லாப் படத்துதும்."

அண்ணன் அண்ணியைப் பார்த்தார். அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினார்.

"மோரு கூடவா?" என்றார் அண்ணன்.

தலையைக் குனிந்துகொண்டேன்.

"அத்த ஏன் கேக்குற தம்பி" என்று அண்ணி ஆரம்பித்தார். "நீ கத சொன்ன மறு ஞாயித்துக்கெழம, சர்ச் உட்டதும் என்னிய பொன்னேரிக்கு இட்டுக்கினு போனாரு. படம் முடிஞ்சி லைட்டு போட்டுட்டான். சனமெல்லாம் பூட்ச்சி. இந்த மனுசன் ஏந்துக்கவே இல்ல. 'இரு மேரி, இன்னும் மோரு வர்ல'ன்றாரு. பெருக்குறவ தொடப்பத்தோட பக்கத்துல வந்து நிக்கிறா."

"அது மட்டுமா" என்றார் அண்ணன். "நேரா மேல ஏறிப்போயி ஆபரேட்டரப் புட்ச்சிக்கினேன். ஏன்டா ரீல வெட்னன்னு. அவன் புள்ள மேல சத்தியம் பண்றான். நான் உடல. நீ சொன்னதத்தான் நம்புனேன்."

"அப்புறம் எப்பண்ணா தெரிஞ்சுது?"

"ரெண்டு படம் வரைக்கும் தேட்டர்காரன் மேலதான் டவுட்டு. மூணாவதுல புரிஞ்சிட்ச்சி. நம்மாளுதான் வெட்டி ஒட்டுறான்னு."

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே..."

"கேட்டா இன்னா பண்ணுவ? ஒழுங்கா குந்திக்கினு முழுசும் பாத்துட்டு வருவ. வந்து, குடோன் எரிஞ்சிதுன்னுவ." அவர் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார். "எட்டு மணி நேரம் நெருப்பாண்டயே நின்னுக்கினு இருக்கேன். கதையிலயும் கடைசில நெருப்புதான்னா பேஜாருபா. நீ மோரு குடுத்த."

அண்ணிதான், "இன்னொரு இட்லி வெச்சிக்க தம்பி" என்று காப்பாற்றினார்.

நம் ஊர்ப் படங்களில் முதலில் நன்றி கார்டு போடுவார்கள். நாம் சீட்டைத் தேடிக்கொண்டிருக்கிற நேரத்தில் பெயர்கள் ஓடி மறைந்துவிடும். யாராவது படித்திருக்கிறோமா? இத்தனை வருடம் என் ரசனைக்கு யார் யாரோ காரணம் என்று மேடைகளில் அடுக்கியிருக்கிறேன். வெளிநாட்டு இயக்குநர்களின் பெயர்கள் எல்லாம் அதில் வரும். என் கார்டில் இருந்திருக்க வேண்டியது ஒரே பெயர். நான் படம் பார்க்க அனலில் நின்றவர். நான் புளுக, தெரிந்தே காது கொடுத்தவர். கதை எழுத வேறெங்கே போய்ப் படித்தேன்?

"சரி கிளம்புங்கண்ணா. பதினொரு மணி ஷோ. இன்னிக்கு முழுப் படமும் பாக்குறோம்" என்றேன்.

அதே பொன்னேரி தியேட்டர். இப்போது ஏசி, சாய்கிற சீட்டு. புதுப் படம், நல்ல விறுவிறுப்பு. வில்லனின் கூடாரத்துக்குள் ஹீரோ நுழைகிறான். ஓரத்தில் நாலைந்து பெட்ரோல் கேன்கள் தெரிகின்றன. அண்ணன் என் தோளைத் தட்டினார்.

"ஏந்திரு. மணி ஒண்ணே காலு."

"அண்ணா, இப்பதான் க்ளைமாக்ஸே..."

"அதான் சொல்றேன். வா, ட்ரெயினு வந்துரும். மீதிய நீ சொல்லு."

எல்லோர் காலையும் மிதித்துக்கொண்டு வெளியே வந்தோம். ரயிலில் அவர் எதிரே உட்கார்ந்து, "இப்ப சொல்லு" என்றார். அத்திப்பட்டு வரும் வரை சொன்னேன்.

அரக்கோணம் வாசகருக்கு ஒரு வேண்டுகோள்: தயவுசெய்து இந்தப் படத்தைப் பார்த்துவிட்டுக் கடிதம் போடாதீர்கள்.