செத்தபின் ஒரு சிரிப்பு ஷாட்

1. சாக வந்தவர் போய்விட்டார்

படத்தில் சாக வேண்டிய அம்மா ஆட்டோ ஏறிப் போய்விட்டார். நான் அப்போது பின்பக்கம் யூனிட்டின் மதியச் சாப்பாட்டுக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன்.

ஹைதராபாத் கச்சிபௌலியில் கம்ப்யூட்டர் ஆபீஸ்கள் முளைத்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. வாரமெல்லாம் ஆபீஸில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் சனி ஞாயிறில் ஒரு சின்னக் காமிராவை வைத்துப் படம் எடுப்பார்கள். பாட்டு கிடையாது, சண்டை கிடையாது. அமெரிக்காவிலிருந்து பையன் திரும்பி வருவான், வீட்டோடு ஒத்துப்போகாது. அநேகமாக எல்லாப் படத்துக்கும் அதுதான் கதை. எடுக்கிறவர்களே அப்படித் திரும்பி வந்தவர்கள்தானே!

எனக்கு அந்த யூனிட்களில் சமையல் வேலை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. என் வீட்டுக்காரர் தவறிய பிறகு மௌலா அலி காலனியில் வீடுகளுக்குச் சமைத்துக்கொண்டிருந்தவள், அப்படியே சினிமாவுக்கு வந்தேன். கூச்சம் மட்டும் போகவில்லை. யாராவது பேர் கேட்டாலே முந்தானை வாய்க்குப் போய்விடும். சிரிப்பதும் முந்தானைக்குள்ளேதான்.

அந்தப் படத்தின் டைரக்டர் சந்தியா. ஹைதராபாத்திலேயே காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்து, அமெரிக்கா போய்த் திரும்பிய தமிழ்ப் பெண். அவள் எவ்வளவோ கெஞ்சியும், அம்மாவாக நடிக்க வந்த அந்த நாடக நடிகை நிற்கவில்லை.

"போன மாசம்தாம்மா எனக்கு அறுபதாம் கல்யாணம் ஆச்சு. இப்பப் போய்ப் பாடையில படுக்கறதா? வேணும்னா ஐ.சி.யூ.ல படுத்துக்கறேன். இதுல மட்டும் முடியாது."

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஷூட்டிங்குக்கு எங்கள் காலனியிலேயே ஒருவர் அந்த ஒரு நாள்தான் தன் வீட்டைக் கொடுத்திருந்தார். அதுவும் பக்கத்தில் யாரும் சாவு சீனுக்கு வீடு தர மறுத்த பிறகு. மகனாக நடித்த பிரசன்னாவும் கம்ப்யூட்டர் ஆபீஸ்காரன்தான். மறுநாள் அவனை நிஜமாகவே அமெரிக்காவுக்கு அனுப்புகிறார்கள். அன்றைக்குள் எடுக்காவிட்டால் படம் அவ்வளவுதான்.

சந்தியா காலனியில் கதவு கதவாகத் தட்டினாள். எதிர்வீட்டு முத்துலட்சுமி, எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, வாசலோடு அனுப்பிவிட்டாள். "நல்லா இருக்கிற பொம்பளைகளைப் பொணமாப் படுக்கச் சொல்லுதியே, இதைக் கேக்கலாமா தாயி?"

சந்தியா என் அடுப்புக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது. "பேக் அப் சொல்லிடலாம் ஆண்ட்டி. ரெண்டு வருஷம் இதுக்காகவே ஓடினேன்."

எனக்கு மனசு கேட்கவில்லை. "அந்தம்மாவுக்கு வசனம் உண்டா?" என்றேன்.

"இல்ல ஆண்ட்டி."

"நடக்கணுமா?"

"பிணம் எப்படி நடக்கும்?"

"யாரையும் பாக்கணுமா?"

"கண்ணே திறக்கக் கூடாது."

"அப்ப நான் படுத்துக்கிடுதேன்."

ரசத்தை அடுப்பில் ஏற்றித் தீயைக் குறைத்து, "நுரை கூடினதும் இறக்கிருங்க" என்று அங்கே நின்ற பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தேன். விஷயம் தெரிந்து முத்துலட்சுமி ஓடி வந்தாள். "யக்கா, ஒங்களுக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? ஆயுசு குறைஞ்சிரும்!"

2. கட்டு

என்னைப் பிணமாக்கியது லைட்மேன் யாதய்யா. ஹைதராபாத்காரர், மெட்ராஸ் ஸ்டுடியோக்களில் பல வருஷம் இருந்ததால் தமிழ் பேசுவார். மூக்கில் பஞ்சு, நெற்றியில் காசு, தாடையைச் சுற்றித் துணி. இரண்டு கைக் கட்டைவிரலையும் சேர்த்து ஒரு கட்டு, கால் கட்டைவிரல்களுக்கு ஒரு கட்டு. "கட்டு சரியா இருந்தாத்தான்மா பார்க்கிறவன் நம்புவான்" என்றார்.

சீன் இதுதான். மகன் விமானம் தாமதமாகி, பிணத்தை எடுக்கிற நேரத்துக்கு வந்து சேர்கிறான். மீசையை எடுத்தால்தான் கொள்ளி என்கிறார்கள் சொந்தக்காரர்கள். "அம்மாவைப் பார்க்க வந்திருக்கேன், அஞ்சு நிமிஷம் விடுங்க" என்கிறான் அவன். சத்தம் ஏறுகிறது. கடைசியில் எல்லோரும் அடங்கிய பிறகு அம்மாவுக்கு வாய்க்கரிசி போடுகிறான்.

முதல் டேக்கில் "ஆண்ட்டி, வயிறு அசையுது" என்றாள் சந்தியா. அடுத்ததில் அரிசி விழுந்ததும் உதடு தானாகச் சப்புக்கொட்டிவிட்டது. சமைக்கிறவள் வாயில்லையா!

அதற்கு அடுத்த டேக்கில் பிரசன்னா என் காதருகில் குனிந்தான். "ஃப்ளைட் லேட்டும்மா" என்றான். எழுதிக் கொடுத்த வசனம் அவ்வளவுதான். ஆனால் சூடாக ஒரு சொட்டு என் கன்னத்தில் விழுந்தது. கோயம்புத்தூரில் அவனுடைய அம்மா தனியாக இருக்கிறாள், மறுநாள் இவன் கிளம்புகிறான் என்பது எனக்குத் தெரியும். தலையைத் தடவிக் கொடுக்கலாம் போல இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன்.

"கட். ஓகே."



3. யாதய்யாவின் பிடிவாதம்

"லைட் இறக்குங்க அண்ணா, அடுத்த ரூம்" என்றாள் சந்தியா.

யாதய்யா லைட்டுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். "நக்கோ, வேண்டாம் மேடம். அம்மா காமிராவைப் பார்த்துச் சிரிக்கணும்."

"எதுக்கு?"

"செத்தவங்க சிரிச்சிட்டுத்தான் எழுந்திரிக்கணும். எத்தனை பெரிய ஆர்ட்டிஸ்ட்டா இருந்தாலும் அதான் பழக்கம். சிரிக்காம ஒரு லைட்டும் இறங்காது."

"டேப் கொஞ்சம்தான் இருக்கு. இதெல்லாம் மூடநம்பிக்கை அண்ணா."

"ஹவ், ஆமா மேடம். மூடநம்பிக்கைதான். காமிராவை ஓட விடுங்க."

பஞ்சு, காசு, மாலை, தாடைத் துணி எல்லாவற்றையும் எடுத்தார். சந்தியா அலுப்போடு என் முகத்தை மட்டும் க்ளோஸில் வைத்தாள். யூனிட் முழுக்கச் சுற்றி நின்று என்னையே பார்க்கிறது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. சிரிப்பு எங்கிருந்து வரும்? வழக்கம்போல முந்தானையை இழுக்கப் பார்த்தேன். கை வரவில்லை. விரல் கட்டை யாரும் அவிழ்க்கவே இல்லை.

அப்போதுதான் வாசனை வந்தது. ரசத்தை இறக்க வேண்டிய பிள்ளைகளும் அங்கேயே நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏய்யா, ரசம் பொங்குது! யாராவது இறக்குங்க, கொதிச்சா மண்ணாப் போயிரும்!" என்று கத்தினேன். அப்படி நான் கத்தியது அதுதான் முதல் தடவை.

"பிணம் ரசத்துக்குப் பதறுதுடோய்!" என்றான் பிரசன்னா.

யூனிட்டே வெடித்துச் சிரித்தது. எனக்கும் அடக்க முடியவில்லை. வாயை மூடக் கையில்லாமல், பல்லெல்லாம் தெரிய, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். யாதய்யா கையெடுத்துக் கும்பிட்டு லைட்டை அணைத்தார்.

4. திரையில்

அடுத்த வருஷம் ஒரு சின்ன பிரிவ்யூ தியேட்டரில் படம் போட்டார்கள். முத்துலட்சுமியும் வந்தாள். சாவு சீன் வந்து போனது. படம் முடிந்தது என்று நினைத்தேன். இல்லை. மகன் அமெரிக்காவில் தன் அறைக்குத் திரும்புகிறான். டி.வி.யில் அம்மாவின் பழைய வீடியோ ஒன்றைப் போடுகிறான். திரை முழுக்க என் முகம். "ஏய்யா, ரசம் பொங்குது!" என்று கத்திவிட்டுச் சிரிக்கிறேன். மகனும் சிரிக்கிறான். படம் அங்கேதான் முடிகிறது.

அதைப் பிரசன்னா அமெரிக்காவிலேயே எடுத்து அனுப்பியிருக்கிறான்; சந்தியா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, கள்ளி.

முதலில் சிரித்தார்கள். அப்புறம் பார்த்தால் பாதிப் பேர் கண்ணைத் துடைக்கிறார்கள். கைதட்டல் ஓயவில்லை. வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஒரு பிள்ளை அங்கேயே போனை எடுத்து, "அம்மா, சாப்பிட்டியா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. முத்துலட்சுமி பின்வரிசைக்குத் திரும்பி, "எங்க காலனிக்காரியாக்கும்! நான்தான் படுன்னு சொன்னேன்" என்றாள்.

சந்தியா என்னை மேடைக்குக் கூட்டிப்போனாள். லைட் முகத்தில் அடித்தது. பெயரைச் சொன்னேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

அந்தப் படம் பல ஊர் விழாக்களுக்குப் போனது. அதற்குப் பிறகு திரும்பி வரும் பிள்ளைகள் கதை எடுத்தவர்கள் எல்லாம் சமையலுக்கு ஒரு தடவை, சாவுக்கு ஒரு தடவை என்னைக் கூப்பிட்டார்கள். எத்தனையோ அம்மாக்களாகச் செத்திருக்கிறேன். ஆயுசு ஒன்றும் குறையவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ‘கட்’ சொன்னதும் காமிராவை அணைக்க அவசரப்படாதீர்கள். நடிப்பு முடிந்த பிறகுதான் சில பேருக்கு முகம் வரும். எனக்கு வந்தது. அன்று மேடையில் கையில் கட்டு இல்லை, முந்தானையும் தோளில்தான் இருந்தது. நான் அதைத் தொடவில்லை.