மாப்பிள்ளையும் ஏழு குஞ்சுகளும்

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் லாண்டரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடமாகச் சலவைப் பிரிவில் வேலை. ஒரு விரிப்பை உதறும்போதே அது எந்த வார்டிலிருந்து வந்தது என்று சொல்லிவிடுவாள். வயது நாற்பத்து நான்கு. கல்யாணம் ஆகவில்லை. யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், "மெஷின் ஓடுது, ஒண்ணும் கேக்கல" என்று சொல்லிவிட்டு அடுத்த மூட்டையைப் பிரிப்பாள்.

வீட்டில் அவளும் அப்பாவும் மட்டும். அப்பா பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற மறு வருடமே பக்கவாதம் வந்து வலது பக்கத்தைச் சாய்த்துவிட்டது. பேச்சும் போய், மூன்றே சொற்கள் மிஞ்சின: ஆமா, வேணாம், போ. படிக்கட்டில் தொங்கியவர்களை ஒரே அதட்டலில் உள்ளே ஏற வைத்த குரல் அது. இப்போது அந்த மூன்று சொற்களும்கூட நேரத்துக்கு வராது.

ஒரு மழை நாளில் மஞ்சள் பூனை ஒன்று பின்வாசல் வழியாக வந்து, அவர் மடியில் ஏறிச் சுருண்டு படுத்தது. அதுவாகவே வந்தது, அதுவாகவே தங்கிவிட்டது. சாப்பாட்டு நேரத்துக்குத் தவறாமல் வந்து, வேலை ஒன்றும் செய்யாமல் மரியாதையை மட்டும் எதிர்பார்த்ததால் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தாள். "உன் வீட்டுக்கும் ஒருவழியா மாப்பிள்ளை வந்தாச்சு" என்று பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா சிரித்தபோது இவளும் சிரித்துவைத்தாள்.

அப்பாவின் வலது கை முஷ்டியாக மூடியே கிடந்தது. பூனை மடியில் இருக்கும்போது மட்டும் அந்த விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்து அதன் முதுகைத் தடவும். வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிக்காரப் பெண் அதைப் பார்த்து அசந்துபோனாள். "மூணு மாசமா நான் கெஞ்சியும் விரியாத விரல் இது. என் வேலைக்கே வேட்டு வெச்சிடும் போல இந்தப் பூனை" என்றாள்.

பின்கட்டில் ஐந்து கோழிகளும் இருந்தன. பூனை வந்த புதிதில் ஒருமுறை பழுப்புக் கோழியிடம் வாலாட்டிப் பார்த்தது. மூக்கில் ஒரே கொத்து. அதிலிருந்து கோழி எதிரே வந்தால், மேலதிகாரியைக் கண்ட குமாஸ்தா மாதிரி ஒதுங்கி வழிவிடும். ஒரே வெயிலில் இரண்டும் படுத்திருக்கும். "பூனையையும் கோழியையும் ஒண்ணா வெச்சிருக்கியே, பயமா இல்ல?" என்று கேட்பவர்களிடம், "நான் எங்க வெச்சிருக்கேன், கோழிதான் பூனையை வெச்சிருக்கு" என்பாள். ஒரு வருடம் அப்படியே ஓடியது.

பிறகு பழுப்புக் கோழி அடைகாத்து ஒன்பது குஞ்சு பொரித்தது.

நாலாம் நாள் வேலை முடிந்து வந்து எண்ணினாள். எட்டு. காக்காயாக இருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். மறுநாள் ஏழு. மூலை முடுக்கெல்லாம் தேடினாள். ஒரு இறகு, ஒரு சொட்டு ரத்தம் எதுவும் இல்லை. பின்வாசலில் நாற்காலியில் இருந்த அப்பாவிடம் குனிந்து கேட்டாள்.

"அப்பா, நீங்க இங்கேயேதானே உக்காந்திருந்தீங்க? மாப்பிள்ளையா எடுத்துச்சு?"

"வேணாம்" என்றார். அவருடைய அகராதியில் அதற்கு 'இல்லை' என்று அர்த்தம். ஆனால் சொல்லும்போது அவளைப் பார்க்கவில்லை.

மதில் மேல் தலை நீட்டிய தையல்காரம்மா, "அதோட மூஞ்சியப் பாரு, திருட்டு முழி" என்றாள். மாப்பிள்ளை அப்பாவின் காலடியில் உட்கார்ந்து, நிதானமாகத் தன் பாதத்தை நக்கிக்கொண்டிருந்தது.

தீவனக் கடைக்காரரிடம் கேட்டாள். அவர் எடைபோடுவதை நிறுத்தாமலே சொன்னார்: "பெரிய கோழி கிட்ட பூனை வாலாட்டாதும்மா. குஞ்சு வேற கதை. கையளவு இருந்துகிட்டு கீச்சு கீச்சுன்னு ஓடுறது அதுக்கு எலி மாதிரிதான் தெரியும். எவ்வளவு சாதுவான பூனையா இருந்தாலும் சரி, கண்ணை மூடிகிட்டு நம்பாதீங்க."

அன்றிலிருந்து கோழியையும் குஞ்சுகளையும் ஒரு பெரிய கூடைக்குள் கவிழ்த்துவைத்துவிட்டு வேலைக்குப் போனாள். அங்கே விரிப்புகளை மடிக்கும்போதும் மனசு கூடையிலேயே இருந்தது. வீடு திரும்பியதும் செருப்பைக் கழற்றாமல் முதலில் எண்ணினாள். ஏழு. வெள்ளிக்கிழமை, ஏழு. சனிக்கிழமை, ஏழு.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டு, அவருடைய நாற்காலி மெத்தையை வெயிலில் போட எடுத்தாள். அடியில் அவருடைய கைக்குட்டை, நாலாக மடித்து இருந்தது. மடிப்பு கோணலாக, இடது கையால் செய்த மடிப்பு. பிரித்தாள். உள்ளே கட்டைவிரல் நீளத்துக்கு இரண்டு சின்னச் சிறகுகள்.

கைக்குட்டையோடு அப்பாவின் முன்னால் போய் நின்றாள்.

"நீங்களாப்பா மறைச்சீங்க?"

அப்பா சுவரைப் பார்த்தார்.

"அது கொன்னதைப் பார்த்துகிட்டு இருந்தீங்க. அது உங்க காலடியில போட்ட மிச்சத்தைப் பொறுக்கி எடுத்து ஒளிச்சும் வெச்சீங்க. நான் காக்காயைத் திட்டிகிட்டு இருக்கேன். நாலு நாளா எனக்குத் தூக்கம் இல்லப்பா!"

அவர் வாய் கோணியது. ஏதோ சொல்ல முயன்று, முடியாமல், "போ" என்றார். அது அவளைச் சொன்னதா, பூனையைச் சொன்னதா, தன்னையே சொல்லிக்கொண்டதா என்று தெரியவில்லை. வலது கை மட்டும் மடியில் கிடந்த பூனையின் முதுகில் இறுகியது.

அவள் உள்ளே போய், ஆஸ்பத்திரி வேன் டிரைவருக்குப் போன் செய்தாள். ரொம்ப நாளாகப் பூனை வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தவர். சாயந்திரம் நாலு மணிக்கு வருகிறேன் என்றார். அப்பாவின் காதுபடத்தான் பேசினாள். மத்தியானம் அவர் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. கரண்டியை நீட்டியபோது உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். அவளும் வற்புறுத்தவில்லை. தட்டை வெளியே கேட்கும்படி கழுவி வைத்தாள்.

நாலு மணிக்கு வேன் வந்தது. அவள் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், "கொஞ்சம் இருங்க, அப்பா மடியிலதான் தூங்குது, பதமா தூக்கணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது பின்பக்கமிருந்து கோழியின் அலறல். கூடவே நாற்காலி தரையில் இழுபடும் சத்தம். அடுத்து, கனமான ஏதோ விழுந்த சத்தம்.

பையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

கூடை புரண்டு உருண்டு கிடந்தது. கோழி உள்ளிருந்தே முட்டித் தள்ளியிருக்கிறது. குஞ்சுகள் நாலா பக்கமும் சிதறி, சுவரோரம் ஒட்டி நடுங்கிக்கொண்டிருந்தன. நாற்காலி காலி. அப்பா மூன்றடி தள்ளித் தரையில், சுவரில் முதுகைச் சாய்த்துக் கிடந்தார். இடது கை பூனையின் பிடரியைக் கவ்விப் பிடித்திருந்தது. பூனை உறுமிக்கொண்டு பின்னங்கால்களால் அவர் முழங்கையைக் கிழித்துக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் சிலிர்த்த கோழியோ நல்லது கெட்டது பார்க்காமல் பூனையையும் கொத்தி, அவர் காலையும் கொத்தியது. அவர் பிடியை விடவில்லை.

"ஐயோ, அப்பா!"

வேன் டிரைவரும் பின்னாலேயே ஓடிவந்தார். அவள் பூனையைப் பிடுங்கிச் சமையலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். இருவருமாக அப்பாவைத் தூக்கி உட்கார வைத்தார்கள். எலும்பு எதுவும் முறியவில்லை. கையில் ஆழமான நகக் கீறல்கள். அவற்றை அவள் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவினாள். பக்கவாதம் வந்ததிலிருந்து துணையில்லாமல் ஒரு அடி எடுத்து வைக்காத மனுஷன். எப்படி எழுந்தார், எதைப் பிடித்துக்கொண்டு மூன்றடி போனார் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

டிரைவர் குஞ்சுகளைப் பொறுக்கி எண்ணினார். "ஏழு இருக்கு, சரியா?"

"சரிதான்."

"அப்ப பூனையை எடுத்துக்கவா?"

அப்பா கூடாது என்பதுபோல் தலையை வேகமாக ஆட்டினார். வாய் திறந்து மூடியது. கழுத்து நரம்பு புடைத்தது. அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

"கூ…" என்றார். "கூ… கூண்டு."

"என்னப்பா?"

"கூண்டு!" என்று குஞ்சுகள் பக்கம் கையைக் காட்டினார்.

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். டிரைவர் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார். "சரி, ஐயா தீர்ப்பு சொல்லிட்டார். பூனை இங்கயே இருக்கட்டும். முதல்ல ஐயாவுக்கு ஒரு ஊசி போட்டுட்டு வரலாம், வண்டியில ஏத்துங்க" என்றார்.

மறுநாள் லீவு போட்டாள். பெரிய கண் வலை வைத்தால் பூனை பாதத்தை உள்ளே விட்டு இழுத்துவிடும் என்று தீவனக் கடைக்காரர் எச்சரித்திருந்தார். அதனால் விரல்கூட நுழையாத கம்பி வலையாகப் பார்த்து வாங்கி, மேலேயும் மூடி, கொண்டி போட்ட கூண்டு செய்யச் சொன்னாள். முதல் வாரம் முழுக்க மாப்பிள்ளை அதன் எதிரே உட்கார்ந்து, வால் நுனியை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம், 'உன்னை எனக்கு இப்பத்தான் சரியாத் தெரியும்' என்று அதனிடம் சொல்வாள். கோபமில்லாமல்தான் சொல்வாள்.

மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் கொண்டியைத் திறந்தாள். கையில் துடைப்பம். அப்பா சாய்வை விட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். ஏழும் இப்போது தாயின் முக்கால் உயரம். முதலில் இறங்கிய இளஞ்சேவல் நேராகப் பூனை இருந்த பக்கம் நடந்தது. மாப்பிள்ளை தரையோடு தரையாகப் பதுங்கியது. அவள் துடைப்பத்தை ஓங்கினாள். சேவல் நின்றது, கழுத்தை நீட்டிப் பார்த்தது, கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒரு எட்டு முன்னே வைத்தது. பூனை மெல்ல எழுந்து, சோம்பல் முறிப்பதுபோல் பாவனை செய்து, மதிலேறிப் போய்விட்டது.

"ஆமா" என்றார் அப்பா, யாரும் எதுவும் கேட்காமலே.

அதற்குப் பிறகு பழுப்புக் கோழி இரண்டு தடவை அடைகாத்தது. இரண்டு தடவையும் முதல் குஞ்சு ஓட்டை உடைக்கும் முன்பே அவள் கொண்டிக்கு எண்ணெய் போட்டுவைத்தாள்.