பாயம்மா தட்டு

எங்கள் குடவாசலில் வளைகுடாப் பணத்தில் எழுந்த வீடுகள் நிறைய. வாசல் கிரில்லுக்கு என்ன டிசைன் என்று வாரக்கணக்கில் போனில் பேசுவார்கள். சமையலறை என்று வந்துவிட்டால், அதற்குள் ஒரு நாளும் நின்று வெங்காயம் நறுக்கியிராத ஆம்பிளைகள் நாலு பேர் கூடி, இங்கே அடுப்பு, அங்கே தொட்டி என்று கையைக் காட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். மெஹராஜ் பேகத்தின் வீடும் அப்படிக் கட்டியதுதான். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவர் கணவர் அஹமது கபீர் அக்கறை காட்டினார். அது ஃப்ரிட்ஜ்.

குவைத்திலிருந்து கார்கோவில் ஃப்ரிட்ஜ் வந்து இறங்கியபோது வீட்டுக்குச் சுவர் பூச்சுகூட முடியவில்லை. கொத்தனார் அதை மாப்பிள்ளைக்குச் சட்டை தைக்கிற மாதிரி அளவெடுத்து, சமையலறை மூலையில் மூன்று பக்கமும் சுவர் எழுப்பி ஒரு மாடம் கட்டினார். மேலே பிரியாணி ஆக்குகிற பெரிய தேக்சாக்கள் வைக்க ஒரு கான்கிரீட் பலகை. வலது பக்கம் ஜன்னல் சுவர் துருத்திக்கொண்டிருந்ததால் கதவு அந்தப் பக்கம் முழுசாகத் திறக்காது என்று, லீவில் வந்த கபீர் தானே உட்கார்ந்து கீலைக் கழற்றி இடம் மாற்றிப் பூட்டினார். அந்த வீட்டில் அவர் கையால் செய்த ஒரே வேலை அதுதான் என்று மெஹராஜ் பேகம் சொல்வார்.

அந்த ஃப்ரிட்ஜ் ரொம்ப காலம் உழைத்தது. கபீர் ஊர் திரும்பி, சில வருடம் சர்க்கரை நோயோடு இருந்து, மவுத்தானார். மகன் அஸார் துபாய்க்குப் போனான். அப்ரீனைக் கட்டினான். பிறகு அவளையும் பிள்ளையையும் அங்கேயே கூட்டிக்கொண்டான். வீட்டில் தானாகச் சத்தம் போடுகிற பொருள் என்று மிஞ்சியது அந்த ஃப்ரிட்ஜ் ஒன்றுதான். அது கடகடவென்று உதறிக்கொண்டு கிளம்பும்போதெல்லாம் மெஹராஜ் பேகம் "ம்" என்பார். யாராவது இருந்தால் சிரித்திருப்பார்கள். யாரும் இல்லை.

போன ஆவணியில் அதுவும் நின்றுவிட்டது. மெக்கானிக் பின்பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, கம்ப்ரசர் போய்விட்டது, இனி இதற்குச் செலவு செய்வது வீண் என்றார். உள்ளே அன்று காலை வாங்கிய சங்கரா மீன் இருந்தது, ஒரு பால் பாக்கெட் இருந்தது. இரண்டையும் ஒரு தூக்கில் போட்டுக்கொண்டு மெஹராஜ் பேகம் பக்கத்து வீட்டுக்குப் போனார்.

பக்கத்து வீடு ஜெயபாரதியுடையது. அவள் கணவன் ராஜ்குமார் குத்தகைக்கு நிலம் எடுத்து விவசாயம் பார்க்கிறான். மாமியார் அகிலாண்டம் மூட்டுவலிக்காரர், பகலெல்லாம் கூடத்து நாற்காலிதான். இரண்டு வீட்டுக்கும் சண்டை சச்சரவு கிடையாது. பெருநாளைக்குப் பிரியாணி போகும், பொங்கலுக்குப் பொங்கல் வரும். மற்றபடி பேச்சு எல்லாம் காம்பவுண்டு சுவருக்கு மேலேதான். உள்ளே போய் உட்கார ஒரு வேலையும் வந்ததில்லை.

"இதுக்கு ஏன் பாயம்மா தயங்குறீங்க? குடுங்க" என்று ஜெயபாரதி தூக்கை வாங்கிக்கொண்டாள். நடுத்தட்டில் இருந்ததையெல்லாம் ஒதுக்கி இடம் செய்தாள். "அத்தை, இது இனிமே பாயம்மா தட்டு. மோர் கிண்ணத்தக் கொண்டாந்து இதுல வெக்காதீங்க."

அப்படித்தான் ஆரம்பித்தது. காலையில் பால் எடுக்கப் போவார். சாயங்காலம் மாவோ, மிச்சக் குழம்போ வைக்கப் போவார். முதல் இரண்டு மூன்று நாள் வைத்ததும் எடுத்ததும் தெரியாமல் திரும்பிவிட்டார். பிறகு ஒரு நாள் அகிலாண்டம் முறத்தில் முருங்கைக்கீரையைப் பரப்பி வைத்துக்கொண்டு, "ஒக்காரு மெஹராஜு. பாலு எங்கயும் ஓடிடாது" என்றார். மெஹராஜ் பேகம் உட்கார்ந்தார். கீரை ஆய்ந்துகொண்டே மருமகள்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இரண்டு கட்டுக் கீரை போதாது. ஜெயபாரதி உள்ளேயிருந்து, "எனக்குக் காது கேக்குது" என்பாள்.

ஒரு வாரத்துக்குள் மெஹராஜ் பேகத்தின் குரலே மாறிவிட்டது என்று தெருவில் சிலர் சொன்னார்கள். மாறியிருக்கும். நாளெல்லாம் வாயைத் திறக்காமல் இருந்த மனுஷி, போனில் "நல்லா இருக்கேன்பா, நீங்க நல்லா இருக்கீங்களா" என்பதைத் தவிர வேறு பேசாதவர், இப்போது பேசுகிறார் அல்லவா.

அஸார் அடுத்த வெள்ளிக்கிழமையே போனில் ஒரு படம் அனுப்பினான். இரண்டு கதவு, சாம்பல் நிறம், ஆள் உயரம். கடைவீதியில் ஜெக்கரியா வைத்திருக்கும் எலக்ட்ரானிக்ஸ் கடையில் சொல்லிவிட்டதாகவும், அவர் வந்து அளவு பார்ப்பார் என்றும் சொன்னான்.

ஜெக்கரியா டேப்போடு வந்தார். மாடத்தின் அகலம் இரண்டடிக்குக் கொஞ்சம் குறைவு. உயரம் நாலரை அடி. அஸார் அனுப்பிய ஃப்ரிட்ஜ் தலையை இடித்துக்கொள்ளும்.

"பலகைய ஒடச்சுட்டா வெச்சுடலாம் மாமி" என்றார் ஜெக்கரியா.

"ஒடச்சா தேக்சா எங்க வெக்கிறது?"

"தேக்சா இப்ப யாருக்கு மாமி?" என்று கேட்டுவிட்டு, கேட்டது தப்பு என்று தெரிந்து, டேப்பைச் சுருட்டினார்.

அடுத்து ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் ஒன்றைச் சொன்னார். அதன் அகலம் மாடத்துச் சுவரை உரசிக்கொண்டு நிற்கும். இரண்டு பக்கமும் காற்றுப் போக நாலு விரல் இடமாவது வேண்டும், இல்லாவிட்டால் இதுவும் சூடேறிச் சாகும் என்றார் மெஹராஜ் பேகம். அது சரிதான். இன்னொன்று அகலம் ஒத்துவந்தது, ஆனால் அடியில் வெங்காயம் போட ஒரு டிராயர் வைத்து உயரத்தைக் கூட்டியிருந்தான் கம்பெனிக்காரன். மூன்றாவதற்கு எல்லாம் சரி, கதவு ஜன்னல் சுவரில் போய் முட்டும், காய்கறி டிரேயை வெளியே இழுக்க முடியாது. அவர் சொன்ன காரணம் ஒவ்வொன்றும் அப்பட்டமான உண்மை. ஜெக்கரியா ஒன்றுக்கும் மறுத்துப் பேச முடியாமல் திரும்பிப் போனார். இவ்வளவு விவரமாக ஃப்ரிட்ஜ் வாங்குகிற ஆளைத் தன் வியாபாரத்தில் பார்த்ததில்லை என்று கடையில் உட்கார்ந்து பெருமையாகவே சொன்னாராம். வியாபாரி மூளை அவ்வளவுதான் வேலை செய்யும். அந்த அம்மாள் ஃப்ரிட்ஜ் வாங்காமல் இருக்கத்தான் இத்தனை விவரமும் பேசினார்.

புரட்டாசி பிறக்க இருந்தது. அகிலாண்டம் அந்த மாதம் முழுக்கக் கவுச்சி தொடமாட்டார். அந்த வீட்டு ஃப்ரிட்ஜையும் சோடா மாவு போட்டுத் துடைத்துச் சுத்தம் செய்துவிடுவார்கள். இதை மெஹராஜ் பேகத்திடம் எப்படிச் சொல்வது என்று மாமியாரும் மருமகளும் இரண்டு நாளாகக் குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய மீனும் கறியும்தான் அந்தத் தட்டில் இருந்தது. முதல் தேதிக்கு முந்தின நாள் மெஹராஜ் பேகமே மீன் டப்பாவைக் கழுவி எடுத்துக்கொண்டு, தட்டையும் தானே துடைத்தார்.

"நானும் இந்த மாசம் வாங்கலைக்கா. பாலும் மாவும் மட்டும் வெச்சுக்கறேன்."

"ஒனக்கெதுக்குடி புரட்டாசி?" என்றார் அகிலாண்டம்.

"வயசாச்சு. ஒடம்புக்கு ஒத்துக்கல."

நாகப்பட்டினத்திலிருந்து மீன் எடுத்து வண்டியில் கொண்டுவந்து விற்கிறவர் வழக்கம்போல வாசலில் ஹாரன் அடித்தார். வேண்டாம் என்றதும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "என்ன பாயம்மா, ஒங்க வீட்லயும் புரட்டாசியா? நான் எப்படித்தான் பொழைக்கிறது?" என்று கேட்டுவிட்டுப் போனார். மீன் இல்லாமல் ஒரு வாய் இறங்காது என்று கபீரிடம் சண்டை போட்ட மனுஷி அந்த மாதம் ரசமும் அப்பளமும் சாப்பிட்டார். அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

எல்லாவற்றையும் கெடுத்தது அஸாரின் நல்ல குணம். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அம்மாவுக்கு ஒரு குறையும் வைக்காத பிள்ளை. ஆனால் துபாயில் இருக்கும் மகனுக்கு அம்மா அடுத்த வீட்டு ஃப்ரிட்ஜில் பால் வைக்கிறாள் என்பது பெரிய தலைகுனிவாகப் பட்டது. ஒரு நாள் ஜெயபாரதிக்கே போன் போட்டுவிட்டான்.

சாயங்காலம் மாவு வைக்க வந்த மெஹராஜ் பேகத்திடம் ஜெயபாரதி சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அஸார் தம்பி பேசுச்சு பாயம்மா. 'அம்மாவால ஒங்களுக்கு ரொம்பத் தொந்தரவுக்கா, மன்னிச்சுக்குங்க, இந்த வாரமே ஃப்ரிட்ஜ் வந்துடும்'னு. நான் அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பின்னு சொன்னேன்."

அவள் வெள்ளந்தியாகத்தான் சொன்னாள். மெஹராஜ் பேகத்தின் காதில் ஒரு வார்த்தை மட்டும் நின்றுவிட்டது. தொந்தரவு. இத்தனை நாளும் அந்த வார்த்தை அவருக்குத் தோன்றவே இல்லை. தான் உட்கார்ந்திருந்த நாற்காலி, தான் ஆய்ந்த கீரை, தனக்குப் போட்ட டீ எல்லாவற்றையும் ஒரு முறை நினைத்துப் பார்த்தார். மாவுப் பாத்திரத்தைத் தட்டில் வைத்துவிட்டு, அன்றைக்கு உட்காராமல் வந்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் ஜெக்கரியாவுக்குப் போன் செய்தார்.

"ஏதாவது ஒண்ண அனுப்பிடு ஜெக்கரியா."

ஏதாவது ஒன்றை அனுப்ப ஜெக்கரியாவுக்கு மனம் ஒப்பவில்லை. தஞ்சாவூரில் சொல்லிவைத்து, கதவை இரண்டு பக்கமும் மாற்றிக்கொள்ளக்கூடிய ஒன்றைத் தேடிப் பிடித்திருந்தார். அகலம், உயரம், காற்றுக்கு இடம், எல்லாம் கச்சிதம். மெக்கானிக் வந்து கீலை மாற்றினார். குவைத் ஃப்ரிட்ஜை வெளியே இழுத்தபோது தரையில் சதுரமாக ஓர் இடம் மட்டும், வீடு கட்டின அன்று இருந்த மாதிரி பளபளவென்று இருந்தது. புதியது அதன்மேல் போய் உட்கார்ந்தது.

மெஹராஜ் பேகம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "கதவுல பூ போட்டிருக்கே" என்றார் கடைசியில்.

"எதுல பூ இல்ல மாமி இப்ப?" என்றார் ஜெக்கரியா. "இனிமே நிம்மதியா மீன வாங்கி அடுக்குங்க."

அன்றைக்கே ஜெயபாரதி அவருடைய பாத்திரங்களையெல்லாம் கழுவித் துடைத்து, ஒரு கூடையில் போட்டுக் கொண்டுவந்து தந்தாள். புது ஃப்ரிட்ஜைத் திறந்து மூடிப் பார்த்து, சத்தமே வரலை பாயம்மா, சூப்பரா இருக்கு என்றாள். அடுப்பில் வேலை இருக்கிறது என்று ஓடிவிட்டாள்.

சத்தம் வராததுதான் கஷ்டமாக இருந்தது. பழையது உதறிக்கொண்டாவது கிளம்பும். இது ஓடுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. திறந்தால் வெளிச்சம் வந்தது. உள்ளே ஒரு பால் பாக்கெட், அரைக் கிண்ணம் குழம்பு, தண்ணீர் பாட்டில்கள். அஸார் வீடியோ காலில் உள்ளே காட்டச் சொன்னான். காட்டினார். "எவ்ளோ எடம் பாருங்கம்மா" என்றான் சந்தோஷமாக. ஆமாம்பா என்றார்.

மறுநாள் காலை எழுந்து பால் எடுக்க வாசல் வரை போய்விட்டு, நினைவு வந்து திரும்பினார். அதற்கடுத்த நாளும் வாசலுக்குப் போய் நின்றார். அகிலாண்டம் இருமுவது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. முறத்தைத் தரையில் தட்டும் சத்தம் கேட்டது. வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குள் போய் என்னவென்று சொல்வது? ஏதாவது தர வந்தேன், வாங்க வந்தேன், வைக்க வந்தேன் என்று இருக்க வேண்டாமா? சும்மா வந்தேன் என்று சொல்ல அவருக்கு வாய் வராது. அதிலும் தொந்தரவு என்று மகனே சொல்லி மன்னிப்பும் கேட்ட பிறகு எப்படிப் போவது? உள்ளே வந்து, தனியாக உட்கார்ந்து, டீ குடித்தார். நாக்கு கசந்தது. அழுகை வந்தது, கொஞ்சம் அழுதார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஃப்ரிட்ஜைத் திறந்து பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு, முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டுப் படியேறினார். ஏறும்வரை என்ன சொல்லப்போகிறோம் என்று அவருக்கே தெரியாது.

அகிலாண்டம் நாற்காலியில் இருந்தார். ஜெயபாரதி கடைத்தெருவுக்குப் போயிருந்தாள்.

"வா மெஹராஜு. ரெண்டு நாளாக் காணும். புது ஃப்ரிட்ஜு வந்துடுச்சுன்னாளே பாரதி."

"வந்துடுச்சுக்கா."

"நல்லா ஓடுதா?"

"நல்லா ஓடுது."

அகிலாண்டம் அவர் கையைப் பார்த்தார். பால் பாக்கெட்டிலிருந்து குளிர்ந்த தண்ணீர் முத்து முத்தாக முழங்கை வரை வழிந்துகொண்டிருந்தது.

"அப்ப இது என்ன?"

மெஹராஜ் பேகம் அந்தப் பாக்கெட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். பொய் சொல்லத்தான் நினைத்தார். கரண்ட் சரியில்லை என்றோ, கதவு சரியாகச் சாத்தவில்லை என்றோ சொல்லியிருக்கலாம்.

"அங்க வெச்சா பேச ஆளில்லக்கா" என்றார்.

அகிலாண்டம் முறத்தில் இருந்த கீரையை ஒரு பக்கமாக ஒதுக்கினார். எதிரில் கிடந்த நாற்காலியின் மேலிருந்த துணிகளை எடுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டார்.

"ஒன் தட்டுல அவ தக்காளிய வெச்சுட்டா" என்றார். "தள்ளிட்டு வெச்சுட்டு வா."