மஞ்சள் சட்டைப் பிள்ளையின் படம்

நானும் சுகிர்தனும் முதன்முதலில் பேசிக்கொண்டதே சண்டையில்தான். தர்மபுரம் சந்தியில் அவர் அப்போதுதான் ஸ்ரூடியோ திறந்திருந்தார். நான் ஒரு வேலைக்கு விண்ணப்பிக்கவென்று படம் எடுக்கப் போனேன். மறுநாள் படத்தை வாங்கிப் பார்த்தால், என் வலது கன்னத்து மச்சத்தைக் காணவில்லை. புளியங்கொட்டை அளவில், பிறந்த நாள் தொடக்கம் என்னோடு இருக்கிற மச்சம். எனக்குப் பொல்லாத கோபம் வந்துவிட்டது.

"ஆரைக் கேட்டு அழிச்சனீங்கள்?"

"எல்லாப் பிள்ளையளும் அழிக்கச் சொல்லித்தானே கேக்கிறவை..."

"நான் கேட்டனானோ?"

 கணினிக்கு முன்னால் இருந்து, மச்சத்தை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துத் தந்தார். அதற்குப் பிறகு என்ன காரணமோ, எனக்கு அடிக்கடி படம் தேவைப்பட்டது. அடுத்த வருடம் எங்களுக்குக் கலியாணம் முடிந்தது.

இவர் ஜெயபுரத்தில் பிறந்தவர். உயர்தரத்தில் கணிதம் படித்து, பல்கலைக்கழகம் மயிரிழையில் தவறிப்போக, வவுனியாவில் ஒரு கடையில் படத்தொழில் பழகினார். கலியாண வீடு, சாமத்திய வீடு, அடையாள அட்டை எல்லாவற்றுக்கும் படம் எடுப்பார். ஆனால் கடைக்கு அதிகம் வருவது பழைய படங்கள்தான். தண்ணீரில் ஊறியவை, பொலித்தீனோடு ஒட்டி உரிந்தவை, மடித்து மடித்து முகத்துக்கு நடுவே வெடித்தவை. எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பத்திடம் இரண்டாயிரத்து ஒன்பதுக்கு முந்திய படம் ஒன்று மிஞ்சியிருந்தாலே பெரிய காரியம். எங்கள் வீட்டுப் படப்பெட்டியும் கடைசிச் சண்டையில் மாத்தளன் கடற்கரையோடு போய்விட்டது. சின்ன வயதில் நான் எப்படி இருந்தேன் என்பது அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அம்மாவும் இப்போது இல்லை.

இப்படிப்பட்டவருக்கு வானப் பைத்தியம் எங்கிருந்து பிடித்ததென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மாரி மழை ஓய்ந்து தை பிறந்தால் போதும். பொழுதுபட்டதும் கடையைப் பூட்டிவிட்டு, கலியாண வீட்டுக் கமராவையும் முக்காலியையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வயல் வரம்புக்குப் போய்விடுவார். கலியாணமான புதிதில், இதெல்லாம் காதலாக்கும் என்று நானும் பின்னால் போனேன். போய்ப் பார்த்தால் நுளம்பு. இவர் வடமேற்கே ஒரே இடத்தைப் பார்த்து, கிளிக், கிளிக் என்று ஓயாமல் படம் எடுத்துக்கொண்டு நின்றார்.

"ஒரு படம் எடுத்தால் போதாதே? ஏன் இந்தப் பாடு?" என்று கேட்டேன்.

"ஒரு படத்தில ஒண்டும் இராது. இந்தா பாரும், சும்மா புகை மாதிரி. இருட்டில கமரா தன்ர பாட்டுக்குப் புள்ளி புள்ளியாப் பொய் சொல்லும். ஆனா அந்தப் பொய் ஒவ்வொரு படத்திலயும் வேற வேற இடத்தில விழும். வானத்து வெள்ளியளின்ர வெளிச்சம் எப்பவும் ஒரே இடத்திலதான் விழும். முந்நூறு படத்தை ஒண்டுக்கு மேல ஒண்டு சரியாப் பொருத்தி வைச்சால் பொய் எல்லாம் ஒண்டையொண்டு அழிச்சுப்போடும். மெய் மட்டும் மிஞ்சும்."

மலை உச்சிகளில் பெரிய தொலைநோக்கி வைத்திருக்கிற வானியலாளர்களும் இதைத்தான் செய்கிறார்களாம். கண்ணுக்குத் தெரியாத தூரத்து விண்மீன் மண்டலங்களை ஒரே பார்வையில் யாரும் கண்டுவிடுவதில்லை. ஒரே மூலையைத் திரும்பத் திரும்பப் படம் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக வந்த வெளிச்சத்தைக் கூட்டித்தான் காண்கிறார்கள். இடையில் இவர் கமராவுக்கு மூடியைப் போட்டுக்கொண்டும் படம் எடுப்பார். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. கமராவுக்கென்று உள்ள நிரந்தரக் குறைகள் அந்தக் கறுப்புப் படத்தில் தெரியுமாம், அவற்றைப் பிறகு கழித்துவிடலாமாம். குறுக்கே ஒரு விமானமோ செய்மதியோ போனாலும் கவலையில்லை. எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் நில்லாததைக் கணினி பொய்யென்று எறிந்துவிடும்.

அப்படிக் கூட்டி எடுத்த அன்ட்ரோமெடா மண்டலத்தின் படம் ஒன்றைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினார். நடுவே வெளிச்சமும் சுற்றிவர மங்கலான வளையமுமாக, உண்மையாகவே வடிவாகத்தான் இருந்தது. வருகிறவர்கள் எல்லாரும் "எந்தப் புயல் தம்பி இது?" என்று கேட்டார்கள். நேசமலர் மாமி மட்டும் அப்படிக் கேட்கவில்லை. கூட்டாத முதல் படத்தையும் பக்கத்தில் வைத்து இவர் விளங்கப்படுத்த, இரண்டையும் மாறி மாறி நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

மாமி எங்கள் குறிச்சிதான். பால் சேகரிக்கும் இடத்தில் வேலை செய்கிறார். அவருடைய ஒரே மகள் கிருசாந்தியும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு, பக்கத்தில் பக்கத்தில் ஒரே வாங்கு. கடைசிச் சண்டையில் மாத்தளனில் எறிகணைச் செல் பட்டு அவள் போய்விட்டாள். பதுங்குகுழிக்குப் பக்கத்தில் மாமிதான் தன் கையால் மண் போட்டார். அவளுடைய ஒரு படம்கூட மாமியிடம் இல்லை. மே மாத நினைவுநாளில் மற்றத் தாய்மார் பிள்ளைகளின் படத்துக்கு முன்னால் விளக்கேற்றுவார்கள். மாமி வெறும் மணலில் ஏற்றிவிட்டு வருவார்.

"அவளின்ர முகம் எனக்கு மறந்துகொண்டு வருது பிள்ளை," என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். "சட்டை ஞாபகம் இருக்கு. குரல் ஞாபகம் இருக்கு. முகத்தை நினைச்சால் வேற ஆரின்ரயோ முகம் வருது." நான் அன்று வீட்டுக்கு வந்து அழுதேன்.

போன மாசியில் மாமி தொலைபேசியைக் கையில் பொத்திப் பிடித்தபடி கடைக்கு ஓடி வந்தார். நான் சாப்பாடு கொண்டுபோயிருந்த நேரம்.

"தம்பி, புகை மாதிரிக் கிடக்கிறதையும் படமாக்கலாம் எண்டு அண்டைக்குச் சொன்னனீங்கள் எல்லே? இதைப் பாருங்கோ!"

இரண்டாயிரத்து ஏழில் எங்கள் ஊரில் நடந்த வினோதன் அண்ணாவின் கலியாண வீட்டு வீடியோ அது. அந்தக் காலத்தில் யாரோ வெளியே கொண்டுபோய்ப் பிரான்சிலுள்ள உறவுக்காரருக்கு அனுப்பிய கசெற். முக்கால்வாசி பூஞ்சணம் தின்றுவிட, மிஞ்சிய சிறு துண்டைத்தான் அவர்கள் இப்போது அனுப்பியிருந்தார்கள். கதிரை வரிசைக்குப் பின்னால் மஞ்சள் சட்டை போட்ட ஒரு பிள்ளை குறுக்கே ஓடுகிறது. சில கணங்கள்தான். முகம் இருக்கிற இடத்தில் ஒரு மங்கல்.

"என்ர கிருசாந்தி," என்றார் மாமி. "அந்தச் சட்டை எனக்குத் தெரியாமல் இருக்குமோ! தம்பி, மேக்கு முன்னம் எனக்கு அந்த முகத்தை எடுத்துத் தாங்கோ. வேற ஒண்டும் வேண்டாம்."

"எடுத்துத் தாறன் மாமி," என்றார் இவர்.

மாமி போனதும் இவரைப் பிடித்து ஏசினேன். முகம் வராவிட்டால் அந்த மனுசிக்கு யார் பதில் சொல்வது? இவர் அதைக் காதில் விழுத்தவில்லை. ஓடுகிற அந்தச் சில கணங்களுக்குள் நூற்றுக்கு மேற்பட்ட தனித்தனிப் படங்கள் இருக்கின்றன, வானத்தைக் கூட்டுவதுபோல் இதையும் கூட்டலாம் என்று தொடங்கிவிட்டார்.

முதலில் வந்த படத்தைப் பார்த்து நான் திடுக்கிட்டுப் போனேன். கலியாண வீடு துப்பரவாக வந்திருந்தது. தோரணத்து ஓலை தெரிந்தது, கதிரையில் இருந்தவர்களின் முகங்கள்கூடத் தெரிந்தன. பிள்ளையைக் காணவில்லை. அவள் ஓடிய இடத்தில் சுவர் மட்டும் இருந்தது.

"ஒவ்வொரு படத்திலயும் வேற இடத்தில நிக்கிறாள் எல்லே," என்றார் இவர், குரல் இறங்கிப்போய். "பொய் எண்டு எறிஞ்சுபோட்டுது."

 ஒருதரம் போனது போதாதென்று இந்தக் கணினியும் அவளை அழிக்க வேண்டுமா என்று இருந்தது. இதை மாமியின் கண்ணில் காட்டவேண்டாம் என்றேன்.

இவர் அதோடு விடவில்லை. வால்வெள்ளியைப் படம் எடுப்பவர்களுக்கும் இதே சிக்கல் இருக்கிறதாம். வால்வெள்ளி மற்ற விண்மீன்களுக்கு நடுவே நகர்ந்துகொண்டே போகும். அதனால் அவர்கள் விண்மீன்களைப் பொருத்தாமல் வால்வெள்ளியையே ஒன்றின்மேல் ஒன்று பொருத்துவார்கள். சுற்றியுள்ள விண்மீன்கள் எல்லாம் கோடாக இழுபட்டுப் போனாலும் வால்வெள்ளி தெளிவாக நிற்கும். இவரும் கலியாண வீட்டுச் சுவரையும் கதிரைகளையும் பொருத்துவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு படத்திலும் பிள்ளையின் மூக்கைத் தேடிக் குறிவைத்துப் பொருத்தத் தொடங்கினார். கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் அதுதான் வேலை.

ஒரு பின்னேரம் கடையிலிருந்து கூப்பிட்டார். "இஞ்ச ஓடி வாரும்! முகம் வந்திட்டுது!"

போனேன். சுவரும் கதிரைகளும் கோடுகோடாக இழுபட்டுக் கிடக்க, நடுவில் ஏழு வயதுப் பிள்ளை ஒன்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தது.

"எல்லாம் சரி," என்றார் இவர். "கன்னத்தில ஒரு கறை மட்டும் போகுதில்லை. கசெற்றில ஊத்தை எண்டு நினைச்சன். எத்தினை படத்தைக் கூட்டினாலும் அதே இடத்திலயே நிக்குது."

வலது கன்னத்தில், புளியங்கொட்டை அளவில்.

"அது ஊத்தை இல்லையப்பா," என்றேன்.

இவர் திரையைப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு இருந்துவிட்டார்.

அந்தச் சட்டை அப்போதுதான் என் ஞாபகத்துக்கு வந்தது. பாதை பூட்டியிருந்த காலம் அது. வெளியிலிருந்து சாமான் வராது. சங்கக்கடைக்கு எப்படியோ ஒரேயொரு மஞ்சள் துணிக்கட்டு வந்து சேர்ந்தது. அந்த வருடம் எங்கள் வகுப்புப் பெண்பிள்ளைகளில் பாதிப்பேருக்கு அந்தத் துணியில்தான் சட்டை. மாமிக்கும் அது தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் இத்தனை வருடமாக மகளின் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தவர், சட்டையைக் கண்டதும் வேறெதையும் யோசித்திருக்க மாட்டார்.

வீடியோத் துண்டு முழுவதையும் இருவருமாக மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தோம். கிருசாந்தி எங்கேயும் இல்லை.

உள்ளதைச் சொன்னால், எனக்கு முதலில் வந்தது சந்தோசம்தான். நான் இப்படியா இருந்தேன், இவ்வளவு வடிவாகவா சிரித்தேன் என்று திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். உடனேயே மாமியின் நினைப்பு வந்தது. அந்தச் சந்தோசத்துக்காக என்னையே எனக்குப் பிடிக்காமல் போனது. அவளும் நானும் ஒரே வாங்கில் இருந்தவர்கள். நான் புருசனோடு நின்று என் படத்தைப் பார்க்கிறேன்.

"சொல்லத்தான் வேணும்," என்றார் இவர். "வேற ஒரு பிள்ளையைக் காட்டி, இதுதான் உங்கட மகள் எண்டு எப்பிடிக் குடுக்கிறது?"

"நான் சொல்லுறன்," என்றேன். "நீங்கள் பேசாமல் இருங்கோ." அந்தப் படத்தை மூடிவைத்துவிட்டு, கூட்டாத மங்கல் படம் ஒன்றை மட்டும் திரையில் விட்டோம். மெல்ல மெல்லச் சொல்லலாம் என்பது என் எண்ணம்.

மறுநாள் மாமி வந்தார். கோயிலுக்குப் போவதுபோல் தலை தோய்ந்து, நல்ல சேலை கட்டியிருந்தார். கிளிநொச்சியில் வாங்கிய ஒரு சட்டம் கையில் இருந்தது, கண்ணாடியும் பொன்நிறக் கரையுமாக. கதிரையைக் காட்டியும் இருக்கவில்லை. நேரே திரைக்கு முன்னால் போய் நின்றார்.

"மாமி, அது வந்து..." என்று தொடங்கினேன்.

"பார் பிள்ளை, எப்பிடி ஓடுறாள் எண்டு," என்றார் மாமி. விரலால் அந்த மங்கலைத் தடவினார். "காலில செருப்பில்லை பார். எத்தினை தரம் சொல்லியிருப்பன், கேக்கமாட்டாள்." பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "இதுக்கு மேல வருமோ தம்பி?"

இவர் என்னைப் பார்த்தார். இரவு முழுக்க நான் நெட்டுருப் போட்ட சொற்கள் வேறு.

"வராது மாமி," என்றேன். "கசெற் பழுது. இவ்வளவுதான்."

 இவர் அந்த மங்கலையே பெரிதாக அச்சடித்து எடுத்தார். மாமியின் முகம் கொஞ்சம் வாடியதுதான். ஆனாலும் சட்டத்துக்குள் வைத்ததும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"காணும் தம்பி. மிச்சத்தை நான் நினைச்சுக்கொள்ளுவன்."

வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். என் கையைப் பிடித்தார்.

"பிள்ளை, நீயும் அந்தக் கலியாண வீட்டுக்கு வந்தனி எல்லே? ரெண்டு பேரும் எப்பவும் ஒண்டாத்தானே திரிஞ்சனீங்கள். நீயும் இதில எங்கயாவது நிப்பாய். தம்பியைக் கொண்டு வடிவாத் தேடுவி. உனக்கும் சின்ன வயசுப் படம் ஒண்டும் இல்லை எல்லே."

"நான் வரேல்லை மாமி," என்றேன். "எனக்கு அண்டைக்குக் காய்ச்சல்."

"ஓமோ?" மாமி சட்டத்தைத் தூக்கி, கண்ணாடிக்குள் இருந்த மங்கலைப் பார்த்தார். "அப்ப என்ர பிள்ளை அண்டைக்கு முழுக்கத் தனியத்தான் விளையாடியிருக்கிறாள். பாவம், என்ன?"

அவள் தனியாக விளையாடவில்லை. "பிடிக்கிறன் பார்!" என்று கத்திக்கொண்டு அவள் என் பின்னால்தான் ஓடி வந்தாள். நான் அவளைத் திரும்பிப் பார்த்துத்தான் அப்படிச் சிரித்தேன். இன்னும் ஒரு கணம் பொறுத்திருந்தால் கமராவில் அவள் விழுந்திருப்பாள், ஆனால் வீடியோக்காரர் அதற்குள் மணவறைப் பக்கம் திருப்பிவிட்டார்.

மாமி என் பதிலுக்காகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓம் மாமி," என்றேன்.