முதலில் சொல்ல வேண்டியவள்

மூத்த மகள் உயர்தரப் பரீட்சை எழுதியபோது, அவளுடைய சுட்டெண்ணைக் கனடாவிலுள்ள என் தங்கைக்கு அனுப்பியிருந்தேன். பெறுபேறு வெளியானதும் தங்கைதான் முதலில் இணையத்தில் பார்த்துவிட்டு அழைத்தாள்.

"மூண்டு பாடத்துக்கும் வெறும் பாஸ், மூண்டு எஸ் தான் அண்ணை. கம்பஸ் கிடைக்காது."

ஸ்பீக்கரில் அதைக் கேட்ட மகள், சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சைக்கிளில் போனது தெரிந்தும், பயத்தில் முதலில் கிணற்றை எட்டிப் பார்த்தேன். பிறகு தெருத்தெருவாகத் தேடினேன். கொக்குவில் ரயில் நிலைய வாங்கில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"பயந்திட்டியளே அப்பா? மூண்டு எஸ் எண்டாலும், அதை நான்தானே உங்களுக்குச் சொல்லோணும்?"

அருகில் அமர்ந்தேன். "இப்ப சொல்லு பிள்ளை."

சொன்னாள். முதன்முதலாகக் கேட்பவன்போலவே கேட்டேன்.

இம்முறை இளையவள் எழுதியிருக்கிறாள். சுட்டெண் கேட்ட தங்கையிடம், எனக்குத் தெரியாது என்றேன். உண்மைதான். நான் மகளிடம் அதைக் கேட்கவேயில்லை.