வேலிக்கு வேலி அறுபத்தாறு அடி

அளவு நாடாவின் ஒரு முனையை ராதாகிருஷ்ணன் பிடித்திருந்தான். மறுமுனையோடு அப்பா ரெங்கசாமி தண்டவாளத்தைத் தாண்டிப் போய் எதிர்வேலியில் நின்றார். அறுபத்தாறு அடி. அப்பாவும் மகனும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது.

1927ஆம் வருஷம், மலாயாவில் கிள்ளான். ஒரு தண்ணீர்க் குழாய்க் கம்பெனியில் பள்ளம் தோண்டுகிற ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர், அப்பா. மகன் அங்கேயே வரைபடம் போடுகிறவன். சடக்கு என்கிற ரோட்டோரத்தில் முதல்நாள் சொல்லிவிட்டுத் தோண்டலாம். ரயில் வேலிக்குள் மட்டும் அனுமதியில்லாமல் ஒரு கடப்பாரைகூட இறங்கக் கூடாது. பொறுப்பேற்கும் மண்டோர் ரயில் ஆபீசுக்குப் போகும் மனுவில் ஒப்பம் வைக்க வேண்டும். இருபது வருஷமாக அப்பா வைத்தது கைநாட்டு.

குழாய் இந்த வேலிவரை வந்து நின்றுவிட்டது. அந்த வேலிக்கு அப்பால்தான் அவர்கள் குடியிருந்த லயம். நாற்பது வீட்டுக்கு ஒரே கிணறு. மழை பெய்தால் சாக்கடையும் அதில்தான் இறங்கும்.

நாலு பேர் முன்னால் அப்பா விரலில் மை தடவுவது மகனுக்குக் கூச்சமாக இருந்தது. ஒரு மாதம் உட்காரவைத்துப் பேர் எழுதப் பழக்கினான். இந்த முறை மூன்று பிரதியிலும் அப்பா கையெழுத்துப் போட்டார். 'ங்' மட்டும் கொஞ்சம் சாய்ந்திருந்தது.

ஆறு வாரம் கழித்து மனு திரும்பி வந்தது. அப்பா நேரில் போனார். ரயில் ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி பழைய தாள்களைப் புரட்டினார்.

"அதுல கைநாட்டு, இதுல கையெழுத்து. நீ எந்த ரெங்கசாமி?"

"ரெண்டும் நாந்தாங்க."

ஒப்பம் மாறக் கூடாதாம். கம்பெனியிலிருந்து புதுத் தாள் வாங்கி, விரலை வைத்துக் கொண்டுவரச் சொன்னார்.

"படிச்ச மண்டோர அவனுங்களுக்குப் பிடிக்கலடா தம்பி," என்று அப்பா வீட்டில் சிரித்தார். "திங்கக்கெழம வச்சுக் குடுத்துட்டு வரேன்."

சனிக்கிழமை லயத்தில் அப்பாவையும் சேர்த்து மூன்று பேருக்கு வாந்திபேதி கண்டது. ஞாயிறு மத்தியானம் அப்பா போய்விட்டார். கிணற்றுத் தண்ணீர்தான் என்றார் ஆஸ்பத்திரி டிரஸ்ஸர்.

கருமாதி முடிந்து ராதாகிருஷ்ணன் ரயில் ஆபீசுக்குப் போனான். புது மண்டோர் என்றால் புது மனு, மறுபடி ஆறு வாரம் என்றார் அதே கிராணி. ராதாகிருஷ்ணன் சண்டை போடவில்லை. கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்தது அந்தக் கிராணி இல்லை.

அப்பாவின் சட்டைப்பையில் புதுத் தாள் மூன்று பிரதியும் மடித்தபடி இருந்தன. ஒன்றின் முதுகில் பென்சிலால் தன் பேரை எழுதிப் பார்த்திருந்தார். 'ங்' நேராக நின்றது. முன்பக்கத்தில் விரல் வைக்க வேண்டிய கட்டம் மூன்றிலும் காலி.